பூலெஸின் கையும் காதும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மேலைநாட்டு இசைக்குழு நடத்துநர்களைப் பற்றிய ஒரு பதிலில், பிரெஞ்சு இசையமைப்பாளர் பியேர் பூலெஸைக் குறிப்பிட்டு, ‘கோல் பிடிக்காமல் வெறுங்கையால் நடத்தியவர்’ என்ற ஒற்றை வரியோடு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளின் பியானோவும், இராயபுரத்து ஆலயங்களின் பாடகர் குழுக்களும், புளியந்தோப்பின் டோலக்கும் சேர்ந்து வளர்த்த செவிகள் அங்கே உண்டு என்பதால் இதில் எனக்கு வியப்பில்லை. இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் பூலெஸுக்கே ஒதுக்குகிறேன்.

ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீட்டுப் பியானோவைக் கேட்டு வளர்ந்தவன் நான். பீத்தோவன், ஷோப்பான் தெரியும். பூலெஸ் என்ற பெயரை உங்கள் பத்திரிகையில்தான் முதலில் பார்த்தேன். யார் இவர்? இப்போது இருக்கிறாரா? – ரயில்வே ஓய்வூதியர், பெரம்பூர்

இப்போது இல்லை, ஐயா. 2016 ஜனவரி 5ஆம் நாள், ஜெர்மனியின் பாடன்-பாடன் நகரில் தமது 90ஆம் வயதில் காலமானார். ஆனாலும் இன்றைய மேலை இசையில் ‘சமகாலம்’ என்று எதைச் சொல்கிறார்களோ, அதன் நிறுவனங்களையும் பழக்கங்களையும் உருவாக்கியதில் அவருக்கு இணையாக இன்னொருவரைச் சொல்வது கடினம்.

பிறந்தது 1925 மார்ச் 26, பிரான்ஸின் லுவார் பகுதியிலுள்ள மோன்பிரிசோன் என்ற சிற்றூர். தந்தை எஃகு ஆலையில் பொறியாளர். மகனும் அதே வழியில் வர வேண்டும் என்பது அவரது எண்ணம். அதற்காகவே லியோன் நகரில் கணிதம் படிக்க வைத்தார். பையனோ 1943இல், ஜெர்மானியப் படைகள் வசமிருந்த பாரிஸுக்கு இசை படிக்கப் போய்விட்டார். அங்குள்ள இசைக் கல்லூரியில் ஒலிவியே மெஸ்ஸியானின் வகுப்பில் சேர்ந்து 1945இல் முதல் பரிசு பெற்றார். அதன்பின் ரெனே லைபோவிட்ஸிடம் பன்னிரு ஸ்வர முறையைக் கற்றார். வயிற்றுப்பாட்டுக்கு ‘ஒந்த் மார்த்தனோ’ என்னும் மின்னிசைக் கருவியை அரங்குகளில் வாசித்தார்.

1946இல் ழான்-லூயி பரோவும் மட்லேன் ரெனோவும் தொடங்கிய நாடகக் குழுவுக்கு இசைப் பொறுப்பாளரானார். அந்த வேலையில் ஏறத்தாழ 10 ஆண்டுகள் இருந்தார். மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு குழுவை, நடிகர்களின் அசைவுக்கேற்ப இரவுதோறும் நடத்துவதுதான் அவருக்குக் கிடைத்த நடத்துநர் பயிற்சி. 1954இல் அதே நாடகக் குழுவின் ஆதரவோடு புதிய இசைக்கென்று ஒரு கச்சேரித் தொடரைத் தொடங்கினார். பின்னர் அதற்கு ‘தொமேன் முசிகால்’ என்று பெயராயிற்று. புதிய இசையைச் சரியாக நடத்தத் தெரிந்தவர் கிடைப்பதும் அரிது, கிடைத்தால் கொடுக்கப் பணமும் இல்லை என்ற நிலையில், தாமே நடத்தத் தொடங்கியவர்தான், பிறகு உலகின் பெரிய இசைக்குழுக்களின் முன்னால் போய் நின்றார்.

திருவொற்றியூரில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். தியாகராஜ சுவாமிகள் எங்கள் ஊர்த் திரிபுரசுந்தரி மேல் பாடிய ஐந்து கீர்த்தனைகளையும் என் பிள்ளைகள் பாடுவார்கள். பூலெஸின் இசையை இணையத்தில் தேடிக் கேட்டேன். ராகம் இல்லை, ஆதார சுருதி இல்லை. ஸ்வரங்களை வாரி இறைத்தது போலிருக்கிறது. இதில் ஒழுங்கு என்று ஏதாவது உண்டா? – இசை ஆசிரியை, திருவொற்றியூர்

உண்டு அம்மா, சில இடங்களில் எரிச்சல் வருமளவுக்கு உண்டு.

நீங்கள் கற்பிக்கும் ஐந்தில் கல்யாணியில் அமைந்த ‘சுந்தரி நீ திவ்ய’வை எடுத்துக்கொள்வோம். தம்புரா ஒலிக்கத் தொடங்கியதுமே கேட்பவர் மனத்தில் ஷட்ஜம் ஊன்றிவிடுகிறது. பிரதி மத்யமமும் நிஷாதமும் அதிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பதை நாம் அறியாமலேயே அளந்துகொண்டிருக்கிறோம். எந்த ஸ்வரத்தில் நிற்கலாம், எதைத் தொட்டுக்கொண்டு போகலாம் என்பதை ராகம் தீர்மானிக்கிறது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1920களின் தொடக்கத்தில் வகுத்த பன்னிரு ஸ்வர முறை இந்த இரண்டையும் விட்டுவிடுகிறது. 12 ஸ்வரஸ்தானங்களையும் இசையமைப்பாளர் தாம் விரும்பும் ஒரு வரிசையில் அடுக்கிக்கொள்வார். அந்த வரிசையைப் பின்னிருந்து முன்னாகவும், தலைகீழாகவும், வேறு ஸ்தானத்திலிருந்தும் எடுத்தாளலாம். இப்படி ஒரு வரிசைக்கு 48 வடிவங்கள் கிடைக்கும். எந்த ஸ்வரமும் வீடல்ல. எல்லாம் சம உரிமை உடையவை. ஆகவே நீங்கள் ஷட்ஜத்தைத் தேடிக்கொண்டே கேட்டால் கடைசிவரை அலைக்கழிவுதான் மிஞ்சும்.

பூலெஸ் இதையும் தாண்டிப் போனார். மெஸ்ஸியான் 1949இல் எழுதிய ஒரு பியானோப் படைப்பில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அதற்கே உரிய கால அளவையும் ஒலி அளவையும் நிலையாக ஒதுக்கியிருந்தார். அந்தப் பொறியிலிருந்து பூலெஸ் 1951–52இல் இரண்டு பியானோக்களுக்கான ‘ஸ்த்ருக்தூர்’ முதல் நூலை எழுதினார். அதன் முதல் பகுதியில் ஸ்வரங்கள் 12 வரிசைப்பட்டதுபோலவே கால அளவுகளும் 12, மெலிவிலிருந்து உரப்பு வரை ஒலி அளவுகளும் 12 என்று வரிசைப்பட்டு, விசையைத் தொடும் விதம்கூடப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டது. அந்தப் பகுதியைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், கணக்கு வேலை செய்வது தெரிகிறது, காது வேலை செய்வது தெரியவில்லை என்பேன். ஆசிரியரும் அங்கே நெடுநாள் தங்கவில்லை. இணையத்தில் உங்களுக்கு முதலில் கிடைத்தது அதுவாக இருந்தால், அது உங்கள் குற்றமும் அல்ல, பூலெஸின் முழு உருவமும் அல்ல.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் ‘சங்கீத ரத்னாகர’த்தில் தொகுத்த 120 தேசி தாளங்களை, பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் ஒன்றின் வழியாக மெஸ்ஸியான் அறிந்தார். தம் படைப்புகளில் அவற்றை வெளிப்படையாகவே கையாண்டார். சிறு அளவுகளை ஒன்றோடொன்று கூட்டிச் சமமற்ற நீளங்களாகத் தாளத்தைக் கட்டும் சிந்தனை அவரது வகுப்பில் படித்தவர்களின் பொதுச் சொத்தாயிற்று. பூலெஸ் எந்தத் தேசி தாளத்தையும் எடுத்து வைக்கவில்லை. அவரிடம் ஆவர்த்தனம் திரும்பி வருவதுமில்லை. ஆனால் சீரான அடியை உடைத்து, குறிலும் நெடிலுமாகக் காலத்தைக் கட்டும் பழக்கத்தை அவர் அந்த வகுப்பில் கண்டார்.

‘ஷோன்பெர்க் இறந்துவிட்டார்’ என்று அவர் மறைந்த மறு ஆண்டே எழுதியவர், ஓபரா அரங்குகளை வெடி வைத்துத் தகர்க்கச் சொன்னவர் என்று பூலெஸைப் பற்றிப் படித்தேன். இப்படிப்பட்ட ஒருவரை ஏன் கொண்டாட வேண்டும்? – கல்லூரி மாணவர், வண்ணாரப்பேட்டை

இரண்டும் உண்மை. ஷோன்பெர்க் 1951 ஜூலையில் மறைந்தார். அந்தக் கட்டுரை 1952இல் வந்தது. புதிய ஸ்வர மொழியைக் கண்டுபிடித்தவர் அதைப் பழைய வடிவங்களிலேயே ஊற்றிவைத்தார் என்பதுதான் பூலெஸின் வாதம். அதில் சரக்கு உண்டு. தலைப்பில் இருந்தது 27 வயதின் திமிர். பாடியே நடிக்கும் இசை நாடகமான ஓபரா பற்றிய பேச்சு 1967இல் ஒரு ஜெர்மானிய வார இதழுக்கு அளித்த பேட்டியில் வந்தது. அதற்கு முன்பே, 1963இல் பாரிஸில் ஆல்பன் பெர்கின் ‘வொட்செக்’ ஓபராவையும், 1966இல் வாக்னரின் ஓபராக்களுக்கென்றே ஜெர்மனியில் நடக்கும் பைராய்ட் விழாவில் அவரது ‘பார்சிஃபா’லையும் நடத்தியவர் அவர். பேச்சைக் கேட்டால் வெடிகுண்டு, செயலைப் பார்த்தால் இரவெல்லாம் ஒத்திகை. ஷோன்பெர்கையும் பிற்காலத்தில் அவரளவு ஓயாமல் மேடையேற்றிப் பதிவு செய்தவர்கள் சிலரே.

ஆனால் நீங்கள் கேட்பதை நான் தட்டிக்கழிக்கவில்லை. அவருடைய சொற்கள் வெறும் காற்றோடு போகவில்லை. பழைய இனிமையில் எழுதிய பிரெஞ்சு இசையமைப்பாளர்கள் பலர், அவரது செல்வாக்கு ஓங்கிய காலத்தில் தாங்கள் ஓரங்கட்டப்பட்டதாகக் குறைப்பட்டார்கள். அந்தக் குறையைப் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1966இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ நாட்டின் இசை நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைத்தபோது, பூலெஸ் பகிரங்கமாகச் சண்டையிட்டுத் தாய்நாட்டின் இசை நிறுவனங்களோடு உறவை முறித்துக்கொண்டார். கொள்கைப் பிடிப்பா, அதிகாரப் பசியா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன். கொண்டாடச் சொல்லவில்லை, கேட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் ஆலயப் பாடகர் குழுவை நடத்துகிறேன். முப்பது பேரை ஒன்றாக மூச்செடுக்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடுகிறது. நூறு பேர் கொண்ட இசைக்குழுவைப் பூலெஸ் வெறுங்கையால் எப்படி நடத்தினார்? – பாடகர் குழு நடத்துநர், இராயபுரம்

பாடகர் குழுவை வெறுங்கையால் நடத்துவது மேலைநாட்டில் பரவலான வழக்கமே. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவை அப்படி நடத்துவதுதான் அரிது. தொலைவில் இருக்கும் வாத்தியக்காரருக்கு அடி எங்கே விழுகிறது என்று காட்டுவதற்காகவே கோல். பூலெஸ் சிறு குழுக்களில் பழகியவர். அவர் நடத்திய இசையில் அடிக்கணக்கு ஏறத்தாழ ஒவ்வொரு சட்டகத்திலும், அதாவது சில அடிகள் கொண்ட ஒவ்வொரு சிறு கூறிலும், மாறும். இங்கே மூன்று, அடுத்து ஐந்து, அதற்கடுத்து இரண்டு என்று ஓடும் இடத்தில் மணிக்கட்டும் விரல்களுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. ஒளிப்பதிவுகளைப் பாருங்கள்: உடல் ஆடுவதில்லை, முகத்தில் பாவனை இல்லை, தலைமுடி பறப்பதில்லை. வலக்கை காலத்தை வெட்டிக் காட்டுகிறது. இடக்கை யார் நுழைய வேண்டும் என்பதைச் சுட்டுகிறது. வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

அவரது ‘எக்லா’ என்ற 1965ஆம் ஆண்டுப் படைப்பில் இந்தக் கை இன்னொரு வேலையும் செய்கிறது. அதில் 15 கருவிகள். பியானோ, செலஸ்டா, ஹார்ப், வைப்ராஃபோன், குளோக்கன்ஸ்பீல், மாண்டலின், கிடார், சிம்பலோம், மணிக்குழாய்கள் ஆகிய ஒன்பதும் ஒருமுறை தட்டினால் அல்லது மீட்டினால் ஒலித்து ஒலித்துத் தேயும் கருவிகள். புல்லாங்குழல், ட்ரம்பெட், செலோ போன்ற மற்ற ஆறும் மூச்சோ வில்லோ உள்ளவரை ஒலியைத் தாங்கி நிறுத்தும் கருவிகள். சில இடங்களில் ஸ்வரங்கள் தாளில் எழுதப்பட்டிருக்கும். எந்தக் கருவி எப்போது என்ற வரிசை மட்டும் எழுதப்பட்டிருக்காது. நடத்துநர் ஒரு விரலை நீட்டுகிறார், மாண்டலின் சிணுங்குகிறது. அது அடங்கும்வரை காத்திருக்கிறார், அல்லது காத்திராமல் மணிக்குழாய் பக்கம் கையைத் திருப்புகிறார். வாசிப்பவர்கள் தாளைப் பார்ப்பதைவிட அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இசையமைப்பதும் நடத்துவதும் அவரிடம் இரண்டு தொழில்களல்ல என்று நான் சொல்வதற்கு இதுதான் ஆதாரம். ஓர் ஒலி எவ்வளவு நேரம் உயிரோடிருக்கிறது என்று கூர்ந்து கேட்பது, அதை வைத்து அடுத்த ஒலியை முடிவு செய்வது: இரண்டுக்கும் தேவைப்பட்டது அந்த ஒரே காது.

அந்தக் காதைப் பற்றி அவரிடம் வாசித்தவர்கள் கதை கதையாய்ச் சொல்வார்கள். உரத்த கூட்டொலி ஒன்றில் எந்த வாத்தியத்தின் சுருதி மயிரிழை விலகியது என்று கண்டுகொள்வார். ஒத்திகையில் அந்தக் கூட்டொலியை அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சரிசெய்து, மறுபடி ஒன்றுசேர்ப்பார். குரல் உயர்த்துவது அரிது. உங்கள் பாடகர் குழுவில் நான்கு குரல்களும் சேர்ந்து மங்கலாக ஒலிக்கும்போது இந்த வழியை நீங்களும் முயன்று பார்க்கலாம்.

பதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1971 முதல் 1975 வரை லண்டன் பிபிசி சிம்ஃபனி இசைக்குழு. 1971 முதல் 1977 வரை லியோனார்ட் பெர்ன்ஸ்டைனுக்குப் பின் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக். நியூயார்க்கில் 1973இல் அரங்கத்து நாற்காலிகளை அகற்றிக் கம்பளம் விரித்து, ரசிகர்களைத் தரையில் உட்கார வைத்துக் கச்சேரி நடத்தினார். நம் சபாக்காரர்களுக்கு இதில் புதுமை எதுவும் தெரியாது. அவர்களுக்கோ அது பெரிய செய்தி. 1976இல் பைராய்ட் விழாவில் வாக்னரின் ‘நிபெலுங் மோதிர’த்தை இயக்குநர் பத்ரீஸ் ஷெரோவுடன் மேடையேற்றியபோது அரங்கில் கூச்சலும் சீட்டியும் எழுந்தன, அதே தயாரிப்பு 1980இல் நிறைவுற்றபோது கைதட்டல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது. பதிவுகளுக்காகக் கிடைத்த கிராமி விருதுகள் 26. உணர்ச்சி இல்லாதவர், குளிர்ந்த கை என்று அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் சிம்ஃபனிகளில் எனக்கும் சில நேரம் அப்படித் தோன்றியிருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியில் ஒருபோதும் தோன்றியதில்லை.

டோலக் வாசிக்கிறேன். துக்க வீட்டில் விடிய விடியக் கானா பாடுகிறவர்களுக்கு வாசித்தே என் கை பழகியது. பூலெஸ் இசையில் தாளக் கருவிகளுக்கு இடம் உண்டா? இறந்தவருக்காக அவர் ஏதாவது எழுதியிருக்கிறாரா? – இசைக் கலைஞர், புளியந்தோப்பு

இந்த முறை வந்த கடிதங்களில் எனக்கு மிகப் பிடித்தது உங்களுடையது. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே படைப்பு பதில் சொல்லும்.

பூலெஸின் நண்பர், வெனிஸ் நகரைச் சேர்ந்த இசையமைப்பாளரும் நடத்துநருமான புரூனோ மதெர்னா, 1973 நவம்பரில் மறைந்தார். அவர் நினைவாகப் பூலெஸ் எழுதிய ‘ரித்துவேல்’ 1975 ஏப்ரலில் லண்டனில் முதலில் ஒலித்தது. அதில் இசைக்குழு ஒரே திரளாக உட்காருவதில்லை. எட்டுக் குழுக்களாகப் பிரிந்து, மேடையில் விலகி விலகி அமர்கிறது. முதல் குழுவில் ஒரே ஓர் ஓபோ. அடுத்ததில் இரண்டு கிளாரினெட். அதற்கடுத்து மூன்று புல்லாங்குழல் என்று வளர்ந்து, எட்டாவதில் 14 பித்தளைக் குழல் வாத்தியங்கள். ஒவ்வொரு குழுவோடும் ஒரு தாளக் கலைஞர் துணைக்கு இருக்கிறார். கடைசிக் குழுவில் மட்டும் இருவர், அவர்களிடம் வரிசையாகத் தொங்கும் காங்கு, தாம்-தாம் என்னும் பெரிய உலோகத் தட்டுகள்.

படைப்பு இரண்டு வகைப் பகுதிகள் மாறி மாறி வருவதால் ஆனது. ஒன்றில் நடத்துநர் கையசைக்க, குழுக்கள் கனத்த கூட்டொலிகளாக நகரும். காங்கின் முழக்கம் அடியில் கிடக்கும். மற்றொன்றில் நடத்துநர் ஒவ்வொரு குழுவும் நுழைய வேண்டிய நேரத்தை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடுவார். நுழைந்தபின் அந்தக் குழுவின் நடையைக் காப்பது அதன் தாளக் கலைஞர்தான். பக்கத்துக் குழுவோடு அவர் பொருந்திப் போக வேண்டியதில்லை. ஒரு தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலக் குழுக்கள் வந்துசேர்ந்து, ஒவ்வொன்றும் தன் அடியை விடாமல் போட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்த நெரிசல்தான் இங்கே இசையாகிறது. பகுதிகள் 15. முதலில் நீண்டுகொண்டே போகும். கடைசிப் பகுதிதான் மிக நீளம், அதில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். கால் மணிக்கும் அரை மணிக்கும் இடைப்பட்ட நேரம் ஓடும் இந்தப் படைப்பில் அழுகை என்று தனியாக எதுவும் எழுதப்படவில்லை. நடை ஒன்றே துக்கத்தைச் சுமக்கிறது.

தாளக் கருவிகளின் இடம் அத்தோடு முடியவில்லை. அவருக்குப் புகழ் தேடித்தந்த ‘லெ மார்த்தோ சான் மேத்ர்’, கவிஞர் ரெனே ஷாரின் வரிகளுக்கு அமைக்கப்பட்டு, 1955 ஜூனில் பாடன்-பாடனில் அரங்கேறியது. ஒரு பெண் குரல், தாழ்சுருதிப் புல்லாங்குழல், வியோலா, கிடார், வைப்ராஃபோன், சைலோரிம்பா, பல வகைத் தாளக் கருவிகள். ஐரோப்பியச் செவிக்கு அன்று இது விசித்திரமான கூட்டணி. மரக்கட்டைகளைத் தட்டும் சைலோரிம்பாவில் ஆப்பிரிக்க பலஃபோனும், உலோகத் தகடுகளைத் தட்டும் வைப்ராஃபோனில் பாலித் தீவின் கம்லான் வாத்தியங்களும், கிடாரில் ஜப்பானிய நரம்புக் கருவியான கோட்டோவும் தம் மனத்தில் இருந்ததாகப் பூலெஸே கூறியிருக்கிறார். அந்த மரபுகளின் மெட்டையோ தாளத்தையோ அவர் எடுக்கவில்லை. தட்டிய ஒலி எப்படிப் பிறந்து எப்படி அடங்குகிறது என்பதை எடுத்துக்கொண்டார். உங்கள் டோலக்கின் வலப்பக்கம் வெடுக்கென்று பேசி முடித்துவிடும், இடப்பக்கத் தோலை அழுத்தித் தேய்த்தால் ஒலி வளைந்து நீளும் அல்லவா? அந்த வேறுபாட்டைக் கை அறிந்தவருக்குப் பூலெஸின் இசையில் நுழைய ஸ்வர ஞானம் கட்டாயமில்லை.

பூலெஸுக்கும் கணினிக்கும் என்ன தொடர்பு? மென்பொருள் துறையில் இருக்கும் எனக்கு அவர் பெயர் ஒரு நிரலின் வரலாற்றில்தான் கண்ணில் பட்டது. – பொறியாளர், வியாசர்பாடி

மால்ரோவோடு பகைத்து வெளியேறியவரை, பிறகு குடியரசுத் தலைவரான ஜார்ஜ் போம்பிடு திரும்ப அழைத்தார். ஒலி குறித்த ஆய்வுக்கென்றே ஒரு நிறுவனம் வேண்டும் என்று பூலெஸ் கேட்டுப் பெற்றதுதான் ‘இர்காம்’. பாரிஸில் போம்பிடு கலை மையத்துக்குப் பக்கத்தில், பெரும்பகுதி தரைக்கடியில் கட்டப்பட்ட அது 1977இல் திறக்கப்பட்டது. 1992 வரை அவரே தலைவர். 1976இல் தொடங்கிய 31 பேர் கொண்ட ‘ஆன்சாம்பிள் ஆந்தர்காந்தம்போரேன்’ என்ற வாத்தியக் குழுவும் அவர் முயற்சிதான். நீங்கள் கண்ட நிரல் ‘மேக்ஸ்’ ஆக இருக்கலாம். 1980களின் நடுவில் மில்லர் பக்கெட் அதன் முதல் வடிவத்தை இர்காமில்தான் எழுதினார். மேடையில் நேரடியாக மின்னிசையைக் கையாள்பவர்களில் எத்தனையோ பேர் இன்றும் அதன் வழித்தோன்றல்களைப் பயன்படுத்துகிறார்கள்.

இர்காமில் பிறந்த படைப்புகளில் ‘ரெப்போன்’ தலையாயது. 1981 அக்டோபரில் ஜெர்மனியின் தோனாவெஷிங்கன் விழாவில் முதல் வடிவம் ஒலித்தது. பின்னர் நீட்டி எழுதப்பட்டது. மண்டபத்தின் நடுவில் 24 வாத்தியக்காரர்கள், அவர்களைச் சுற்றி ரசிகர்கள், ரசிகர்களைச் சுற்றி ஆறு தனிக் கலைஞர்கள்: இரண்டு பியானோ, ஹார்ப், சிம்பலோம், வைப்ராஃபோன், சைலோஃபோன்–குளோக்கன்ஸ்பீல். தொடக்கத்தில் சில நிமிடங்கள் நடுக்குழு மட்டும் பரபரப்பாக வாசிக்கும். சுற்றியுள்ள ஆறு பேரும் சும்மா இருப்பார்கள். பிறகு ஆறு பேரும் ஒரே நொடியில் ஆளுக்கொரு கூட்டொலியை அள்ளி வீசுவார்கள். ஜூசெப்பே தி ஜூன்யோ உருவாக்கிய ‘4எக்ஸ்’ என்ற கணினிக் கருவி அந்த ஒலிகளை அப்போதே பிடித்து, உருமாற்றி, மண்டபத்தைச் சுற்றியுள்ள ஒலிபெருக்கிகள் வழியே சுழலவிடும். இங்கும் கணினிக்குள் போவது அந்த ஆறு பேரின் ஒலி மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். ஆறுமே ஒலித்துத் தேயும் வகைக் கருவிகள். தானே அடங்கிப்போகும் ஒலிக்கு இயந்திரம் ஆயுளை நீட்டிக் கொடுக்கிறது. முன்னரே பதிந்துவைத்த நாடாவோடு வாசிப்பவர் ஓடி ஓடி இணைய வேண்டிய கட்டாயம் அவருக்குப் பிடிக்காது. மனிதர் காலத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இயந்திரம்தான் பின்தொடர வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். நடத்துநரின் பிடிவாதம் அது.

சினிமாவுக்கு இசையமைத்திருக்கிறாரா? ஜனரஞ்சக இசை பக்கம் எட்டிப் பார்த்ததுண்டா? – வாசகர், காசிமேடு

அவர் உழைத்தது நாடக மேடையில்தான். சினிமா அவர் களமல்ல. ஆனால் ராக் இசைக் கலைஞர் ஃபிராங்க் சாப்பா எழுதிய வாத்தியப் படைப்புகளைத் தம் பாரிஸ் குழுவைக் கொண்டு நடத்தினார். 1984இல் அது இசைத்தட்டாகவும் வந்தது. இரு தரப்பு ரசிகர்களும் முகம் சுளித்தார்கள்.

எழுதியதை முடிக்காமலே விட்டுவிடுவார் என்கிறார்களே, சோம்பலா? – வாசகி, தண்டையார்பேட்டை

நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் பைராய்ட்டுக்குமாகப் பறந்துகொண்டிருந்தவருக்குச் சோம்பல் எங்கிருந்து வரும்? நேரமின்மை ஒரு பகுதிக் காரணம். 20 வயதில், 1945இல், பியானோவுக்காக ‘நொத்தாசியோன்’ என்ற பெயரில் 12 துணுக்குகள் எழுதினார். ஒவ்வொன்றும் 12 சட்டகங்கள் மட்டுமே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவற்றை எடுத்துப் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்காக விரித்தெழுதத் தொடங்கினார். முதல் நான்கை டேனியல் பாரன்பாய்ம் 1980இல் பாரிஸில் நடத்தினார், ஏழாவது 1990களின் இறுதியில்தான் வந்தது, பன்னிரண்டும் விரியவில்லை. மூன்றாவது பியானோ சொனாட்டாவுக்கு ஐந்து பகுதிகள் திட்டம். இரண்டுதான் முழுமையாக வெளியாயின. மாறாக, 1994இல் ஒரு பியானோப் போட்டிக்காக எழுதிய சில நிமிடத் துண்டு ஒன்று, மூன்று பியானோ, மூன்று ஹார்ப், மூன்று தாளக் கலைஞர்கள் வாசிக்கும் ‘சூர் ஆன்சிஸ்’ என்ற 40 நிமிடப் படைப்பாக 1998இல் வளர்ந்து நின்றது. ஒரு கருவைக் கொடுத்தால் அதிலிருந்து கிளை விட்டுக்கொண்டே போகும் மனம். நம் வித்வான்கள் ஒரே வரியில் அரை மணி நேரம் நிரவல் செய்வது ஒரு மாலையில் முடிந்துவிடுகிறது. இவர் அதைத் தாளில், பத்தாண்டுக் கணக்கில் செய்தார். சில கிளைகள் காயாமல் நின்றன என்பது உண்மை.

அனல்மின் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. இரவில் அரை மணி நேரம் கிடைக்கும். எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? – வாசகர், எண்ணூர்

பியானோ ‘நொத்தாசியோன்’ பன்னிரண்டும் சேர்ந்தே சுமார் 10 நிமிடங்கள்தான். முதல் இரவுக்கு அதைக் கேளுங்கள். கேட்ட கையோடு ஆர்க்கெஸ்ட்ரா வடிவத்தின் இரண்டாம் துணுக்கைக் கேளுங்கள். இரண்டு நிமிடம், தாளத்தால் உலுக்கிவிடும். வேறொரு நாள் ‘ரித்துவேல்’. ‘சூர் ஆன்சிஸ்’ உங்கள் அரை மணியில் அடங்காது. ஓய்வு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய படைப்புகளில் கேட்க மிக இன்பமானது அதுதான் என்பது என் கட்சி. ‘ரெப்போ’னை ஹெட்ஃபோன் இல்லாமல் கைப்பேசியில் கேட்க வேண்டாம், பாதி இசை காணாமல் போகும். ‘ஸ்த்ருக்தூர்’ பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். நடத்துநராக அவரை அறிய, ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்’கைக் கிளீவ்லாந்து இசைக்குழுவோடு அவர் 1969இல் செய்த பதிவு போதும், தெபுஸ்ஸியின் ‘லா மேர்’ பதிவும் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இதழுக்கு, நாகஸ்வரத்தில் பயன்படும் சீவாளியைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.